வேலை செய்யலன்னு தள்ளிவிட்ட சாமான்ல நான் சம்பாதிச்சதும் கோட்டை விட்டதும்

நான் ஆன்லைன்ல முதல் முதலா வித்தது என் சொந்த கேசட் பிளேயர். அலமாரியில வருஷக்கணக்கா கிடந்துச்சு, பேட்டரி போட்டு அழுத்துனா மோட்டார் ஓடுற சத்தம் மட்டும் கேக்கும், டேப் சுத்தாது. குப்பையில போடத்தான் எடுத்தேன், சும்மா ஒரு ஆர்வத்துல நாலு ஸ்க்ரூவ கழட்டிப் பாத்தா உள்ள இருந்த ரப்பர் பெல்ட் உருகி தார் மாதிரி கருப்பா ஒட்டிக்கிட்டு இருக்கு, அவ்ளோதான் பிரச்சனையே. ஐசோப்ரொபைல் ஆல்கஹால்ல பஞ்சுக் குச்சிய முக்கி ஒரு மணி நேரம் துடைச்சேன், கை, மேஜை, சட்டை எல்லாம் கருப்பு. அளவு பாத்து புது பெல்ட் வாங்கி மாட்டுனதும் பாட்டு ஓடுச்சு. போட்டோ எடுத்துப் போட்டேன், ரெண்டே நாள்ல வித்துருச்சு.

அப்புறம்தான் மண்டையில பல்பு எரிஞ்சுது. சோனி 1979ல முதல் வாக்மேன் விட்டதுக்கு அப்புறம் எத்தனையோ கம்பெனி இந்த மாதிரி பிளேயர் போட்டாங்க, வயசானதும் பெல்ட் உருகுறதோ தளர்றதோ எல்லாத்துக்கும் பொதுவான வியாதி. ஆனா விக்கிறவங்க "ஓடல, பார்ட்ஸுக்கு மட்டும்"னு ஒரு வரி எழுதி அடிமாட்டு விலைக்குப் போட்டுடுறாங்க. அப்படி ஆறு வாங்கினேன். நாலு பெல்ட் மாத்துனதும் ஓடுச்சு, ஒண்ணு ஓடுச்சு ஆனா மோட்டார் கரகரன்னு சத்தம், அதை சத்தத்தோடயே சொல்லி வித்தேன், இன்னொண்ணுல பல்சக்கரம் உடைஞ்சிருந்துச்சு, அதுல இருந்த மூடி, பட்டன், பேட்டரி கதவு எல்லாம் மத்ததுக்கு ஸ்பேர் ஆச்சு. ஆறுக்கும் சேத்து போட்ட காசு மூணு மடங்கா திரும்பி வந்துச்சு.

இந்த ஆறுலதான் எனக்கு ஒரு விஷயம் புரிஞ்சுது, இன்னிக்கு வரைக்கும் ஒரு சாமான வாங்கலாமா வேணாமான்னு நான் அதை வச்சுதான் முடிவு பண்றேன். ஒரு பொருள் சந்தை விலைய விட ரொம்ப கம்மியா கிடக்குன்னா, அங்க யாரோ ஒரு வேலைய செய்யாம விட்டிருக்காங்க. டெஸ்ட் பண்ணாம விட்டிருப்பாங்க, இல்ல மாடல் நம்பர் பாக்காம விட்டிருப்பாங்க, துடைக்கல, சார்ஜர் தேடல, பிரிச்சு விக்க சோம்பல், ஒழுங்கா ஒரு போட்டோ எடுக்கல. அந்த வேலைய நான் செஞ்சு கூலி எடுத்துக்கிறேன், அதான் லாபம். இதுல அதிர்ஷ்டம்னு பெருசா ஒண்ணும் இல்ல. அதனால சீப்பா ஒண்ணப் பாத்தா முதல்ல கேக்குற கேள்வி "இது தேறுமா"ன்னு இல்ல, "இங்க என்ன வேலை பாக்கி, அது எனக்கு வருமா"ன்னுதான். எனக்கு வராத வேலைன்னா அது என்ன விலையா இருந்தாலும் எனக்கு சீப் கிடையாது.

இதப் புரிஞ்சுக்காம கையைச் சுட்டுக்கிட்ட கதைய சொல்லிடுறேன். கேசட் பிளேயர்ல வந்த தைரியத்துல அஞ்சு ஸ்மார்ட்போன் ஒரு லாட்டா, அதாவது மொத்தமா ஒரே விலைக்கு, வாங்கினேன், "டெஸ்ட் பண்ணல"ன்னு போட்டிருந்துச்சு. நானும் பேட்டரி செத்திருக்கும், டிஸ்ப்ளே போயிருக்கும், மாத்திக்கலாம்னு நெனச்சேன். வந்ததும் சார்ஜ் போட்டா மூணு போன்ல பழைய ஓனரோட அக்கவுன்ட் பாஸ்வேர்டு கேக்குது. ஐபோன்ல இந்த ஆக்டிவேஷன் லாக் 2013ல ஐஓஎஸ் 7 கூட வந்தது, போன ரீசெட் பண்ணாலும் போகாது, பழைய ஓனர் நீக்கினாதான் போகும். வித்தவர்கிட்ட கேட்டா "எனக்கே ஒருத்தர் கொடுத்ததுதான்"னு சொல்லிட்டு அதோட பதிலே இல்ல. அந்த மூணும் திருட்டு போனா, மறந்து போன போனான்னு எனக்கு இன்னிக்கும் தெரியாது. பிரிச்சு பார்ட்ஸா விக்கலாம்னு தெரிஞ்சவங்க சொன்னாங்க, மனசு ஒப்பல, மின்கழிவு எடுக்குறவங்ககிட்ட கொடுத்துட்டேன். மீதி ரெண்டு வித்தும் போட்ட காசுல பாதிதான் கைக்கு வந்துச்சு.

அதுக்கப்புறம் போன்னா நேர்ல பாத்து, ஸ்டார்-ஹேஷ்-06-ஹேஷ் அடிச்சு வர்ற 15 இலக்க ஐஎம்இஐ நம்பரும் (போனோட அடையாள எண்) போன் செட்டிங்ஸ்ல இருக்குறதும் ஒண்ணான்னு பாத்து, விக்கிறவர் கையாலேயே அக்கவுன்ட்ட நீக்கச் சொல்லி, ரீசெட் ஆகி புது போன் மாதிரி வரவேற்பு ஸ்க்ரீன் வர்ற வரைக்கும் காசு கொடுக்க மாட்டேன். லேப்டாப்புக்கும் இதேதான், ஆபீஸ் கழிச்சுக் கட்டின லேப்டாப்புல விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடியே கேக்குற பயாஸ் பாஸ்வேர்டு இருக்கும், இல்ல கம்பெனி தூரத்துல இருந்தே கட்டுப்படுத்துற மேனேஜ்மென்ட் லாக் இருக்கும், விண்டோஸ் மாத்தினாலும் இன்டர்நெட் கனெக்ட் ஆனதும் திரும்ப வந்து நிக்கும். இந்த பூட்டெல்லாம் எந்த ஸ்க்ரூடிரைவராலயும் திறக்காது.

சரி, நல்லா ஓடுன விஷயத்துக்கு வரேன். எனக்கு ரொம்ப கைகொடுத்தது பேனா. மை பேனா, பவுன்டன் பேனா. சின்னது, லேசு, உடையாது, ஒரு ஷூ பாக்ஸ்ல என் மொத்த கடையும் அடங்கிடும். பழைய பேனா சீப்பா கிடைக்கிறதுக்கு முக்கால்வாசி காரணம் என்னன்னா உள்ள மை காஞ்சு போய் எழுதாது, வித்தவங்க அதை கெட்டுப்போச்சுன்னு முடிவு பண்ணிடுறாங்க. நிப்பு பக்கத்த பச்சத் தண்ணியில ஊற வச்சு, தண்ணி நீலமா ஆக ஆக மாத்தி, ரெண்டு மூணு நாள் பொறுமையா விட்டா பாதி பேனா அப்படியே எழுத ஆரம்பிச்சுடும். சில பேனாவுக்கு உள்ள இருக்குற ரப்பர் பை காஞ்சு அப்பளம் மாதிரி நொறுங்கி இருக்கும், அதுக்கு அளவு பாத்து புது பை வாங்கி ஷெல்லாக், அதாவது அரக்குப் பசை, தடவி மாட்டணும், முதல் தடவை ஒரு சாயங்காலம் முழுக்க ஆச்சு, இப்போ இருபது நிமிஷம்.

பேனா லாட் போட்டோவுல நான் முதல்ல பெரிசு பண்ணிப் பாக்குறது நிப்பு. 585னோ 14கேன்னோ குத்தியிருந்தா 14 கேரட் தங்கம், 750ன்னா 18 கேரட். "இரிடியம் பாயின்ட்"னு மட்டும் எழுதியிருந்தா சாதாரண ஸ்டீல் நிப்பு, மேல தங்க முலாம் பூசி இருக்கலாம், மயங்கிடக் கூடாது. பார்க்கர் 51னு ஒரு மாடல் இருக்கு, 1941ல வந்தது, அதுல நிப்போட நுனி மட்டும்தான் கொஞ்சூண்டு வெளிய தெரியும், மத்ததெல்லாம் கூடுக்குள்ள. அதனால அதை என்னன்னு தெரியாதவங்க நிப்பு உடைஞ்ச பேனான்னு நெனச்சு போட்டிருக்கிறத நானே ரெண்டு தடவை பாத்திருக்கேன், ரெண்டையும் வாங்கினேன், இத சொல்றதுல எனக்கு கொஞ்சம் பெருமைதான்.

பெருமைய அடக்குறதுக்கும் ஒரு பேனா வந்துச்சு. கரு கருன்னு எபொனைட் பாடி, அதாவது கெட்டி ரப்பர், மேல நுணுக்கமா கோடு கோடா வேலைப்பாடு. மத்த பேனா மாதிரியே முழுசா தண்ணியில போட்டுட்டு தூங்கப் போயிட்டேன். காலையில பாத்தா கருப்பு போய் செம்பழுப்பா, ஒரு மாதிரி வெளிறிப் போய் கிடக்கு. எபொனைட்டுக்கு வயசானா தண்ணியும் வெளிச்சமும் ஆகாது, உள்ள கந்தகம் இருக்கு, மேல்பரப்பு ஆக்சிடைஸ் ஆகி நிறம் மாறிடும், இது பேனா பழகினவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயமாம், எனக்கு மட்டும் தெரியல. பாலிஷ் போட்டு தேச்சா அந்த கோட்டு வேலைப்பாடு அழிஞ்சிடும், தேய்க்காம விட்டா பழுப்பாவே இருக்கும். இப்போ எபொனைட்னு சந்தேகம் வந்தாலே கழட்டி நிப்பையும் அதுக்கு அடியில இருக்குற நாக்கையும் மட்டும்தான் ஊற வைக்கிறது. சுடுதண்ணி எந்த பேனாவுக்கும் வேணவே வேணாம்.

லென்ஸ் கதை வேற மாதிரி. பழைய ஃபிலிம் கேமராவ "தாத்தாவோட கேமரா, ஓடுமான்னு தெரியல"ன்னு விப்பாங்க, கேமரா நமக்கு முக்கியம் இல்ல, அதுல மாட்டி இருக்குற லென்ஸ்தான். 42 மில்லிமீட்டர் விட்டம், 1 மில்லிமீட்டர் மரை, எம்42ன்னு சொல்ற திருகு லென்ஸ் எல்லாம் ஒரு சாதாரண அடாப்டர் போட்டா இப்போதைய மிரர்லெஸ் கேமராவுல உக்காந்துடும், அதனால அதை தேடுறவங்க எப்பவும் இருக்காங்க. நேர்ல பாக்குறப்போ நான் வேற எதுவும் செய்றதில்ல, ஒரு சின்ன டார்ச்ச ஒரு பக்கத்துல இருந்து அடிச்சு மறுபக்கம் சாய்ச்சு சாய்ச்சு பாப்பேன். தூசி பரவாயில்ல, எல்லா பழைய லென்ஸ்லயும் இருக்கும். சிலந்தி வலை மாதிரி நூல் நூலா தெரிஞ்சா அது பூஞ்சை, துடைச்சாலும் பல சமயம் கண்ணாடி மேல இருக்குற கோட்டிங்க அரிச்சு தடம் விட்டிருக்கும், அந்த வேலை எனக்கு வராது, வச்சுட்டு வந்துடுவேன். பனி மூட்டம் மாதிரி இருந்தாலும் அதேதான். அப்புறம் உள்ள வர்ற வெளிச்சத்த கூட்டிக் குறைக்கிற அபர்ச்சர் இலைகள்ல எண்ணெய் இருக்கான்னு பாக்கணும், இருந்தா ஒட்டிக்கிட்டு மெதுவா மூடும்.

ஆனா மஞ்சள் வேற. 1960, 70கள்ல வந்த சில லென்ஸ்ல தோரியம்ங்கிற கதிரியக்க உலோகம் கலந்த கண்ணாடி போட்டாங்க, பென்டாக்ஸ் கேமராவோட வந்த டாக்குமார் 50 எம்எம் 1.4 லென்ஸ்ல ஒரு வகையும் அப்படித்தான், வருஷம் ஆக ஆக தன்னால மஞ்சள் ஆயிடும். பாக்குறவங்க கெட்டுப்போச்சுன்னு நெனப்பாங்க. புற ஊதா விளக்குக்கு கீழயோ வெயில் படுற ஜன்னல்லயோ ரெண்டு மூணு வாரம் வச்சா பெரும்பாலும் தெளிஞ்சிடும். இத படிச்சிருந்தேன், நம்பல, டீ கலர்ல ஒண்ணு கிடைச்சப்போ வாங்கி ஜன்னல்ல அடியில அலுமினிய ஃபாயில் போட்டு வச்சேன், தினம் காலையில வெள்ளைத் தாள் மேல வச்சு போட்டோ எடுத்தேன், மூணாவது வாரம் வெளுத்துடுச்சு. லேசான கதிரியக்கம் இருக்கும், வச்சிருக்கிறதுல பெரிய ஆபத்து இல்ல, ஆனா கண்ணாடிய ராவுறது, உடைக்கிறது எல்லாம் கூடாது. விக்கிறப்போ நான் இதையும் எழுதிடுவேன், மறைக்கிறதுல என்ன இருக்கு.

தேடுறத பத்தி. நான் மாடல் பேர் போட்டு தேடுறதே இல்ல. மாடல் பேர் சரியா எழுதினவருக்கு விலையும் தெரியும், அங்க எனக்கு வேலையே இல்லையே. "பழைய", "மொத்தமா", "பெட்டியோட", "அப்பாவோட", "சுத்தம் பண்றப்போ கிடைச்சது" இப்படி தேடுவேன், இல்லன்னா பிராண்ட் பேர வேணும்னே தப்பா அடிச்சு தேடுவேன், எழுத்துப் பிழையோட போட்டிருக்குற சாமான் மத்தவங்க தேடல்ல வராது. போட்டோ மங்கலா, படுக்கை விரிப்பு மேல, பாதி இருட்டுல இருந்தா எனக்கு சந்தோஷம். லாட் போட்டோவுல நடுவுல இருக்குறத எல்லாரும் பாப்பாங்க, நான் ஓரத்துல பாப்பேன், ஒரு தடவை குழந்தைகளோட பொம்மை லாட்டுல மூலையில போட்டோவுக்கு வெளிச்சம் அளக்குற லைட் மீட்டரோட தோல் உறை தெரிஞ்சுது, கேட்டதுக்கு "அதுவும் சேத்துதான்"னு சொன்னாங்க.

வீடு காலி பண்றவங்க, ஊர் மாறிப் போறவங்க, இவங்களுக்கு காச விட நேரம் முக்கியம். அங்க பேரம் ரொம்ப பேச வேணாம், "இன்னிக்கே வந்து எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிடுறேன்"ங்கிறதே பெரிய பேரம். ஒரு பொருள வாங்கப் போனா கிளம்புறதுக்கு முன்னாடி "இந்த மாதிரி வேற ஏதாவது பரண்ல கிடக்குதா"ன்னு கண்டிப்பா கேப்பேன். நல்ல சாமான்ல பாதி எனக்கு விளம்பரமே இல்லாம இப்படி கிடைச்சதுதான்.

ரிமோட்ட மறந்துட்டேன். பாத்தா குப்பை, ஆனா டிவியும் ஹோம் தியேட்டரும் நல்லா இருந்து ரிமோட் மட்டும் தொலைச்சவங்க எத்தனை பேருன்னு வித்து பாத்தாதான் தெரியும். ஒரு பை நிறைய வாங்கினேன், மொத்தமா தூக்கிப் போட இருந்தாங்க. டெஸ்ட் பண்ண டிவி வேணாம், போன் கேமராவ ஆன் பண்ணி ரிமோட் முனைய காட்டி பட்டன அழுத்துனா வெளிர் ஊதாவா மினுக்குறது தெரியும், பின் கேமராவுல தெரியலன்னா செல்ஃபி கேமராவுல பாருங்க, சில பின் கேமராவுல அகச்சிவப்பு வெளிச்சத்த வடிகட்டிடுவாங்க. பேட்டரி கசிஞ்சு வெள்ளையா உப்பு பூத்திருந்தா அல்கலைன் பேட்டரியோட காரம் அது, வினிகர் தொட்டு துடைச்சா கரைஞ்சிடும். சார்ஜரும் இதே மாதிரி தனியா போகும், ஆனா முனை பொருந்துறத மட்டும் நம்பி ஒண்ணுக்கு இன்னொண்ணு சேத்து வித்துடாதீங்க, வோல்ட் ஒண்ணா இருந்தாலும் நடு முனை பிளஸ்ஸா மைனஸ்ஸான்னு அந்த வட்டம் போட்ட படத்தப் பாக்கணும், கிட்டார் எஃபெக்ட் பெடல் எல்லாம் பெரும்பாலும் நடு மைனஸ், நான் ஒண்ண அப்படி கருக்கி இருக்கேன்.

புத்தகம் கொஞ்ச நாள் பண்ணேன். பழைய புத்தக வியாபாரம் பண்றவங்க நிறைய பேர் இப்போ பார்கோட ஸ்கேன் பண்ணி விலை பாத்துத்தான் எடுக்குறாங்க, அதனால பார்கோட் இருக்குறதுல நல்லதெல்லாம் நான் போறதுக்கு முன்னாடியே போயிடும். அந்த பார்கோடுல இருக்குற ஐஎஸ்பிஎன், அதாவது புத்தகத்தோட அடையாள எண், சர்வதேச தரமா ஆனதே 1970ல, அதுக்கு முன்னாடி வந்த புத்தகத்துக்கு ஸ்கேன் பண்ண ஒண்ணும் இருக்காது, அத கையில எடுத்து, பதிப்பு பக்கத்த திறந்து படிச்சுதான் ஆகணும். அந்த அலமாரியில கூட்டம் இருக்காது, நான் அங்கதான் நிப்பேன். ஆனா புத்தகம் கனம், இடம் அடைக்கும், மெதுவா விக்கும், விட்டுட்டேன்.

இப்போ பெரிய அடி. ஆன்லைன் கடைகளுக்கு திரும்பி வந்த சாமான் மொத்தமா பெட்டி பெட்டியா விப்பாங்க, "உள்ள என்ன இருக்குன்னு தெரியாது, லாபம் மூணு மடங்கு"ன்னு வீடியோ எல்லாம் ஓடும். யார்கிட்ட வாங்கினேன்னு சொல்ல விரும்பல. பிரிச்சுப் பாத்தா உடைஞ்ச போன் கவர், ஒத்த காது இயர்போன், மூடி இல்லாத பாட்டில், காலி டப்பாவே ஏழு. அப்போதான் யோசிச்சேன், இங்க யாரும் வேலைய செய்யாம விடல, என்னை விட நல்லா செஞ்சிருக்காங்க! எனக்கு முன்னாடி ரெண்டு மூணு கை பட்டு, தேறுறது எல்லாம் பொறுக்கி எடுத்துட்டு, தேறாததத்தான் டேப் ஒட்டி "மர்மப் பெட்டி"ன்னு தள்ளி இருக்காங்க. வீட்டுப் பரண்ல இருந்து வர்ற பெட்டிக்கும் இதுக்கும் அதான் வித்தியாசம், ஒண்ணு யாரும் பாக்காதது, இன்னொண்ணு எல்லாரும் பாத்தது.

விலை போடுறதுல எல்லாரும் பண்ற தப்பு, மத்தவங்க கேக்குற விலையப் பாத்து கணக்கு போடுறது. கேக்குறதுக்கு காசா பணமா, யாரு எவ்ளோ வேணா கேக்கலாம். வித்து முடிஞ்ச விலைய பாக்கணும், ஈபே மாதிரி ஆன்லைன் விற்பனை தளத்துல விற்பனை ஆனதை மட்டும் காட்டுற ஃபில்டர் இருக்கு. அதோட, கடைசி 90 நாள்ல எத்தனை வித்துச்சு, இப்போ எத்தனை விக்காம நிக்குதுன்னு எண்ணுவேன். 10 வித்து 12 நிக்குதுன்னா ஓடுற சாமான், 3 வித்து 80 நிக்குதுன்னா விலை எவ்ளோ அழகா இருந்தாலும் என் முதல் அதுல முடங்கிடும். உடைஞ்ச சாமானுக்கும் இந்த எண்ணிக்கைய பாருங்க, உடைஞ்சதுக்குன்னே ஒரு கூட்டம் இருக்கு. ஈபே ஆரம்பிச்ச 1995ல அதோட நிறுவனர் பியர் ஒமிட்யார் முதல்ல வித்ததே உடைஞ்ச லேசர் பாயின்டர்தான்னு அவங்களே சொல்ற கதை.

கணக்கு நான் இப்படி போடுறேன். 100க்கு விக்கும்னா தளத்தோட கமிஷன் 12 போகுதுன்னு வச்சுக்குவோம், அட்டைப்பெட்டி டேப் பபிள் எல்லாம் 4, ரிட்டர்ன் வந்தா சமாளிக்க 5 ஒதுக்கிடுவேன், மிச்சம் 79. வாங்குனது 30, போய் எடுத்துட்டு வந்த செலவு 6, பார்ட்ஸ் 5, மிச்சம் 38. இதுக்கு நான் துடைச்சு, ரிப்பேர் பண்ணி, போட்டோ எடுத்து, எழுதி, பேக் பண்ணி, அனுப்பி வந்த நேரம் ரெண்டரை மணின்னா அந்த 38அ ரெண்டரையால வகுக்கணும். முதல் வருஷம் நான் நேரத்த எழுதவே இல்ல, லாபம் லாபம்னு குதிச்சேன், எழுத ஆரம்பிச்ச மாசம்தான் தெரிஞ்சுது, சில சாமானுக்கு நான் இலவசமா வேலை பாத்திருக்கேன், சிலதுக்கு கையில இருந்து கூலி கொடுத்து வேலை பாத்திருக்கேன்.

அனுப்புற செலவு தனி பூதம். கூரியர்ல எடை மட்டும் பாக்க மாட்டாங்க, பெட்டியோட நீளம் அகலம் உயரம் மூணையும் சென்டிமீட்டர்ல பெருக்கி பல இடத்துல 5000ஆல வகுப்பாங்க, வர்ற கிலோ நிஜ எடைய விட அதிகம்னா அதுக்குத்தான் பணம். ஒரு அழகான மேஜை விளக்கு வாங்கினேன், எடை 3 கிலோ, ஆனா அதோட தொப்பிக்காக 50க்கு 40க்கு 30 பெட்டி தேவைப்பட்டுச்சு, 60000, வகுத்தா 12 கிலோ. லாபம் முழுக்க காத்த அனுப்புறதுக்கே போச்சு. அன்னியில இருந்து வாங்குறதுக்கு முன்னாடியே பெட்டி அளவ மனசுல போட்டுப் பாக்குறேன், பேனா பக்கம் நான் சாஞ்சதுக்கு இதுவும் ஒரு காரணம். லித்தியம் பேட்டரி உள்ள சாமானுக்கு விமானத்துல கட்டுப்பாடு இருக்கு, கேட்டுட்டு அனுப்புங்க, பேட்டரி உப்பி இருந்தா அனுப்பவே அனுப்பாதீங்க.

ரிட்டர்ன்ல ஒரு ஆள் என் கேமராவ வாங்கிட்டு "ஷட்டர் ஓடல"ன்னு திருப்பி அனுப்புனார், பாத்தா அது என் கேமராவே இல்ல, அதே மாடல், வேற சீரியல் நம்பர், அவரோட ஓடாத கேமரா. என்கிட்ட சீரியல் நம்பர் போட்டோ இல்ல, சண்டை போட ஆதாரமும் இல்ல. இப்போ ஒவ்வொண்ணுக்கும் சீரியல் நம்பர் தெரியுற மாதிரி போட்டோ, அது ஓடுற ஒரு வீடியோ, பேக் பண்றப்போ தொடர்ச்சியா ஒரு வீடியோ, எல்லாம் எடுத்து வச்சிடுறேன். கீறல், உடைசல், நாத்தம் எல்லாத்தையும் முதல் வரியிலேயே எழுதிடுவேன், குறிப்பா சிகரெட் வாடையும் பூஞ்சை வாடையும், போட்டோவுல தெரியாது ஆனா பெட்டிய திறந்ததும் முகத்துல அடிக்கும். குறைய எழுதினா விக்காதுன்னு பயந்தேன், எழுதினதுக்கு அப்புறம்தான் ரிட்டர்ன் குறைஞ்சுது.

தொடாத சாமான்னு சிலது வச்சிருக்கேன். ஹெல்மெட், குழந்தைங்களுக்கான கார் சீட் ரெண்டும் ஒரு தடவை அடிபட்டிருந்தா வெளிய தெரியாது, இத டெஸ்ட் பண்ற வேலை என்னால முடியாது, இதுல தப்பா போனா காசு நஷ்டத்தோட நிக்காது. அழுத்தம் தாங்குற பாத்திரமும் வேணாம். ஹார்ட் டிஸ்க் வாங்குவேன், டிஸ்க் தன் நிலைமைய தானே பதிஞ்சு வைக்கிற ஸ்மார்ட் (S.M.A.R.T.) தகவல்ல எத்தனை மணி நேரம் ஓடி இருக்கு, கெட்டுப்போன செக்டார், அதாவது டிஸ்க்கோட சின்னச் சின்ன பகுதி, எத்தனை மாத்தி இருக்குன்னு பாத்துட்டு, முதல் வேலையா உள்ள இருக்குறத முழுசா அழிச்சிடுவேன், என்ன இருக்குன்னு எட்டிப் பாக்குறது இல்ல.

ஒரு விஷயம் எனக்கு இன்னும் தீரல. ஒரு பெரியவர், தனியா இருக்குறவர், ஒரு டப்பா பேனாவ காட்டி "எடுத்துக்கோ தம்பி, எதுக்கும் ஆகாது, நீ கொடுக்குறத கொடு"ன்னார். உள்ள ரெண்டு தங்க நிப்பு. நான் செய்யப் போற வேலைக்கு கூலி எடுக்குறது சரி, ஆனா அவருக்கு தெரியாதத வச்சு அவர்கிட்டயே எடுக்குறது அதுல சேருமா? "ஐயா, இந்த ரெண்டுல தங்கம் இருக்கு, நீங்களே வித்தாலும் நல்லா போகும்"னு சொன்னேன். அவர் "எனக்கு எதுக்குப்பா அலைச்சல், நீயே எடு"ன்னு ஒரு விலை சொன்னார், நான் நெனச்சு வச்சிருந்தத விட கூடதான், கொடுத்தேன், அதுலயும் லாபம் வந்துச்சு. கடைக்காரர்னா, தொழிலா விக்கிறவர்னா நான் வாயத் திறக்க மாட்டேன், பாத்து விலை போடுறது அவர் வேலை. எங்க கோடு போடுறதுன்னு ஒவ்வொரு தடவையும் புதுசா யோசிக்க வேண்டியதாத்தான் இருக்கு.

குவியல் பத்தி சொல்லணும். வாங்குறது ஒரு போதை, துடைக்கிறதும் எழுதுறதும் வேலை. ஒரு கட்டத்துல என் கட்டிலுக்கு அடியில 61 சாமான் லிஸ்ட் போடாம கிடந்துச்சு, மத்தவங்க செய்யாம விட்ட வேலைய வாங்கிட்டு வந்து நானும் செய்யாம விட்டிருந்தேன். இப்போ கட்டிலுக்கு அடியில 15க்கு மேல இருந்தா வாங்கப் போறது இல்ல. இந்த வாரம் 14, அதுல மூணு ஆறு மாசமா அப்படியே கிடக்கு, அத மொத்தமா ஒரு லாட்டா மங்கலா போட்டோ எடுத்து தள்ளிவிடப் போறேன், என்னை மாதிரி ஒருத்தன் தேடிக்கிட்டு இருப்பான்.

புதுசா இறங்குறவங்க கேட்டா நான் சொல்றது, முதல்ல எதையும் வாங்காதீங்க, உங்க வீட்டுலயே இருக்குற பத்து சாமான வித்துப் பாருங்க. வித்த விலை தேடுறது, போட்டோ, கமிஷன், கூரியர், கேள்வி கேட்டே உயிர எடுக்குறவங்க எல்லாம் அந்த பத்துலயே பழகிடும், நஷ்டம்னு ஒண்ணும் இருக்காது. எனக்கு அந்த முதல் பத்துல ரெண்டு ரிட்டர்ன் வந்துச்சு, ரெண்டும் பேக்கிங் தப்பு, பெட்டிய குலுக்கிப் பாக்காமயே அனுப்பி இருந்தேன்.